மாமாவின் தொண்டை ஆபரேஷன்

என் மாமனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது ஒரு ரயில் பெட்டியில், காலை பத்தேகால் மணிக்கு. செய்தவர் என் வீட்டுக்காரர். கத்தி, மயக்க மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

முதலில் என் வீட்டுக்காரரின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். அவர் உச்சரிப்புப் பயிற்சியாளர். கம்பெனிகளில் போன் எடுக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பார். லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன" என்று ஒரு குரல் வருகிறதே, அது இவர்தான். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று அரை மணி நேரம் உங்களைத் தொங்கவிடுகிற குரலும் இவருடையதுதான். எந்தப் பக்கத்து ஆள் என்று பெற்ற தாயாலும் கண்டுபிடிக்க முடியாத குரல். சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதும் அதே குரலில்தான். கல்யாணமான புதிதில் என் பேச்சையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, வேறு மாதிரி பூட்டிவிட்டார். இப்போது நான் போன் செய்தால் என் அம்மா, "யாருங்க பேசறது?" என்கிறாள்.

அவரால் கழற்ற முடியாத ஒரே ஆள் அவருடைய அப்பா.

மாமா நாற்பது வருஷம் காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். அண்ணன், தம்பி இரண்டு பேர். அண்ணன் மரப்பெட்டிமேல் ஏறி நின்று விலை கூவுவார். தம்பியான மாமா கூட்டத்துக்குள் நின்று, யார் என்ன விலை கேட்டாலும் அதைப் பிடித்து மேலே எறிவார். மைக் கிடையாது. எங்கள் பக்கத்துப் பேச்சு ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துத் தூக்கி, நன்றாக ஆட்டிவிட்டுத்தான் கீழே வைக்கும். அந்தப் பேச்சில் இவர்கள் இரண்டு பேரும் கூவினால் மூன்று தெரு தள்ளி இருப்பவனுக்கும் தக்காளி என்ன விலை என்று தெரிந்துவிடும். மண்டிக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூன்றாவது விழுந்தபிறகு வாயைத் திறந்தால் செல்லாது. ஒருநாள் சொந்தத் தம்பியே அரை விநாடி தாமதமாக ஒரு விலையை எறிந்தபோது, அண்ணன் பெட்டிமேல் நின்றபடி, "மூணு தரம் ஆச்சுடா சின்னவனே, வாயை மூடு" என்றாராம். மாமா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாகத்தான் சொல்வார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனோம். இவருடைய ஆபீஸ் ஆட்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். மாமாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சந்தோஷம் தாங்காமல் மைக்கை எடுத்து, "எல்லாரும் வாங்க, வயிறு நிறைய சாப்பிட்டுத்தான் போகணும்" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இவர் பாய்ந்து போய், "ஒலி சரியாக வரவில்லை, பெரியப்பா" என்று மைக்கைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் பிரச்சினையே.

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். "உன் மகன் என் கையில இருந்து மைக்கைப் புடுங்கறான். நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டியாடா?"

மாமா கேட்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரியப்பா சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

போன வாரம் பெரியப்பாவின் மகள் போன் செய்தாள். "அப்பாவுக்கு ரொம்ப முடியலை அண்ணி. ரெண்டு நாளா சித்தப்பாவைத்தான் கேக்கறாரு. அவன் வந்து ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்ங்கறாரு."

"போன்ல எல்லாம் சரிப்படாதும்மா," என்றார் மாமா. "நேர்ல போய்ப் பேசறேன். பதினோரு வருஷத்துப் பேச்சு இருக்கு."

இப்படித்தான் நாங்கள் ரயில் ஏறினோம். ஏறுவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. யாராவது ஏதாவது கேட்டால் மாமா சிரித்துக்கொண்டே தலையை ஆட்ட வேண்டும். ரொம்ப அவசியம் என்றால், "ஆமாம்," "இல்லை," "நன்றி." இவர் விரலில் மோதிரத்தைத் திருகினால் அதுகூட வேண்டாம்.

"நான் என்னடா, களவாணிப் பயலா?" என்றார் மாமா.

"அப்படி இல்லை அப்பா. நாலு பேர் இருக்கிற இடம். அதனால்தான்."

"மண்டியில நானூறு பேர் இருந்தாங்கடா."

ஆனாலும் ஒத்துக்கொண்டார். மகன் விஷயத்தில் அவர் எதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை?

எங்கள் எதிர் இருக்கையில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். கல்வித்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார். கிளம்பியபிறகு மறுபடியும் சொன்னார். அவரிடம் ஒரு வித்தை இருந்தது.

"நாக்கு பொய் சொல்லாது சார். எனக்கு மூணே மூணு வார்த்தை போதும். பொறந்த ஊரைச் சொல்லிடுவேன். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினது இல்லை."

அந்த நேரம் பார்த்து டீக்காரர் வந்தார். "டீ வேணுமா சார், சூடா?"

"கடற்கரைப் பக்கம். தெற்கு," என்றார் மூணு வார்த்தைக்காரர்.

"அடேயப்பா! எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார் டீக்காரர். அவருக்கு ஐந்து டீ விற்றது. அவர் நகர்ந்ததும் பெரிய மனிதர், அந்தப் பக்கத்து ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று மூக்கால் நடித்துக் காட்டினார். பெட்டியே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர். பயந்தவன் சிரிப்புக்குச் சத்தம் அதிகம்.

"நீங்க தலைநகரம் சார்," என்றார் பெரிய மனிதர் இவரைப் பார்த்து. "அதுவும் நாலு தலைமுறையா. சரிதானே?"

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய குழந்தை தோற்றுவிடும். இத்தனைக்கும் எதிரில் இருந்தவர் வேலை தரப்போகிறவரும் இல்லை, பெண் எடுக்கப்போகிறவரும் இல்லை. நாலு ஸ்டேஷன் தாண்டி இறங்கிப் போகிற, பென்ஷன் வாங்குகிற ஒரு ஆள்.

"இவரு உங்க அப்பாவா? ஐயா, ஒரு மூணு வார்த்தை பேசுங்க, பாப்போம்."

மாமாவை யாரோ பேசச் சொல்கிறார்கள்! அவர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். மண்டியில் இழுக்கிற மூச்சு. இவர் மோதிரத்தைத் திருகினார். மாமா பார்க்கவில்லை.

"அப்பாவால் பேச முடியாது," என்றார் இவர் அவசரமாக. "தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது."

அதுதான் ஆபரேஷன். கச்சிதமாக முடிந்தது.

மாமா முதலில் விளையாட்டு என்று நினைத்தார். உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட வந்தது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் கை மெல்ல மேலே போய்த் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது, அங்கே நிஜமாகவே ஏதாவது எடுத்துவிட்டார்களா என்பது மாதிரி.

"அடடா," என்றார் பெரிய மனிதர். வெந்நீர் குடிக்கச் சொன்னார். மச்சினனுக்கும் இதே ஆபரேஷன்தான் என்றார். அப்புறம் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக, "ஐயா... நான்... சொல்றது... கேக்குதா?" என்றார்.

"காதுல ஆபரேஷன் பண்ணலைங்க," என்றேன் நான். அன்றைக்கு நான் காட்டிய வீரம் அவ்வளவுதான்.

பதினொன்றரை மணிக்கு இவருடைய போன் அடித்தது. பெரியப்பாவின் மகள். இவர் எடுத்தார். நான் மாமாவுக்கும் இவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நீங்க வர்ற வரைக்கும் தாங்காதுங்கறாங்க. சித்தப்பாகிட்ட குடுங்க. அப்பா காதுல போனை வச்சிருக்கேன்."

இவர் எதிரில் இருந்தவரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, லிஃப்ட் கதவு மூடுகிற அதே குரலில், "வணக்கம் பெரியப்பா, நாங்கள் வந்துகொண்டே இருக்கிறோம்" என்றார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. பிறகு பெரியப்பாவின் குரல். மூன்று தெரு தாண்டிய குரல்தான், இப்போது ஓட்டை விழுந்திருந்தது. "நீ வேண்டாம்டா. மைக்கை அவன்கிட்ட குடு."

மாமா கையை நீட்டி போனை வாங்கிக் காதில் வைத்தார். எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தார். பெரிய மனிதர் பாசமாக அவர் கையைப் பிடித்து, "வண்டி ஆடுது, உக்காருங்க ஐயா. பேசவா போறீங்க, கேக்கத்தானே? இங்கயே கேளுங்க" என்று உட்கார வைத்தார்.

"சின்னவனே," என்றது போன். "இருக்கியாடா?"

மாமாவின் வாய் திறந்தது. கண் மகன்மேல் போனது. என் வீட்டுக்காரர் மோதிரத்தைத் திருகவில்லை. அதைவிட மோசம். கெஞ்சினார், கண்ணால். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்று, "அப்பா, உள்ள வராதீங்க, பசங்க சிரிப்பாங்க" என்று கெஞ்சிய பையன் அப்படித்தான் பார்த்திருப்பான்.

"பேசுடா. கோபம் இன்னும் போகலையா? எனக்குப் போயிடுச்சுடா."

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்று வந்தது.

"சரி. கேட்டுக்க." அங்கே ஒரு நீண்ட மூச்சு. "ஒரு தரம்."

எதிரில் பெரிய மனிதர் பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரம்."

நான் போனைப் பிடுங்கியிருக்கலாம். "இருக்காரு பெரியப்பா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று கத்தியிருக்கலாம். எந்தப் பேச்சில் கத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன்.

"மூணு தரம்டா, சின்னவனே."

அதற்குப் பிறகு அங்கே யாரோ அழுவது கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. மாமா போனை இவரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

"யாரு சார் அது? இங்க வரைக்கும் சத்தம் கேட்டுதே," என்றார் பெரிய மனிதர். "கொஞ்சம் பட்டிக்காட்டுப் பேச்சு மாதிரி..."

"தூரத்துச் சொந்தம்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு மணிக்குப் பெரிய மனிதர் இறங்கினார். இறங்கும்போது மாமாவிடம் வாயைப் பெரிதாகத் திறந்து, "சீக்கிரம்... குணமாயிடும்" என்றார். அவர் இடம் காலியானதும் டீக்காரர் மறுபடி வந்தார்.

"அந்த சார் இறங்கிட்டாரா? நான் கடற்கரையை இன்னும் கண்ணால பாத்ததே இல்லைங்க," என்றார் சிரித்துக்கொண்டே. "போன வாரம் என்னை வடக்கு எல்லைன்னாரு. அதுக்கும் ஆமான்னுதான் சொன்னேன். ஆமான்னா டீ போகும்."

என் வீட்டுக்காரர் டீ வாங்கவில்லை. கொஞ்ச நேரம் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். "அப்பா, இப்போது யாரும் இல்லை. கூப்பிடுகிறேன், பேசுங்கள்." நாலு தடவை கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. போன் வந்த கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிட்டதாம். பெரியப்பாவின் மகள் மாமாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. எட்டி நின்றாள்.

"அவ்வளவு கூப்பிட்டாரே, சித்தப்பா. உங்க மூச்சு கேக்குதுன்னு சொன்னாரு. கேட்டுக்கிட்டும் பேசலையே. பதினோரு வருஷம் பத்தலையா உங்களுக்கு?"

கூடம் முழுக்க மாமாவையே பார்த்தது. மாமா மகனைப் பார்த்தார். இந்த வீட்டில் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு உச்சரிப்பு வரவில்லை.

மாமா அண்ணனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். அழவில்லை, ஒரு சத்தமும் இல்லை. "கல் நெஞ்சுக்காரன்" என்று யாரோ சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

எல்லாம் முடிந்தபிறகு பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், என் வீட்டுக்காரர் மாமா எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "அப்பா, ஒரு வார்த்தை பேசுங்கப்பா. என்னைத் திட்டுங்க. என்னை அடிங்க." நான் திரும்பிப் பார்த்தேன். பேசுவது இவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் மேலே போய் ஆடிவிட்டுக் கீழே இறங்கியது. முப்பது வருஷமாகக் கழற்றி எங்கேயோ வைத்திருந்த பேச்சு, ஒரு துருவும் இல்லாமல் அப்படியே வந்தது.

மாமா கடைசி வரை கேட்டார். அப்புறம் வலது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெரியப்பாவின் மகள் கதவோரம் நின்றிருந்தாள். "என்ன அண்ணி இது? ஏன் பேச மாட்டேங்கறாரு?"

சொல்லியிருக்கலாம். நாலு வாக்கியத்தில் மாமாவின் பெயர் மீண்டிருக்கும், என் வீட்டுக்காரரின் பெயர் போயிருக்கும். கூடத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

"தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அம்மா," என்றேன்.

உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை.