நல்ல பாடு

எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. வரிச்சிக்குடித் தெருவில் மீன்கூடை வருகிற சத்தம் கேட்டாலே அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். நாங்கள் சைவம். இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே நாற்பது வயதுவரை ஓட்டிவிட்டேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரப்போகிறது என்று யார் கண்டது?

நான் தாமரைச்செல்வி. காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற வைத்திலிங்கம் கோட்டுச்சேரிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்த்துவந்தவர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு நாவல் எழுதியிருந்தார். எண்பது பக்கம். கடலோடியான தன் அப்பாவைப் பற்றியது. பெயர் 'அப்பாவின் பாடு'. சொந்தச் செலவில் அச்சடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அடுத்த வருஷமே சுனாமி வந்தது. அந்த அப்பாவை அலை கொண்டுபோய்விட்டது.

2005இல் ஒருநாள் கல்லூரிக்கே வந்து புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"அலை வந்ததுலேருந்து கேமராவத் தூக்கிக்கிட்டு வர்றவங்கல்லாம் நாங்க அழுவுறதத்தான் எடுத்துக்கிட்டுப் போறாங்க டீச்சர். எங்கப்பா சிரிச்ச ஆளு. அந்தச் சிரிப்பு இங்கிலீஷ்ல போவணும். வேற ஒண்ணும் வேண்டாங்க."

அன்று ராத்திரியே படித்து முடித்தேன். அந்த வாரமே மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். வெளிநாட்டில் ஓர் அறக்கட்டளை, உலக இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர ஆண்டுதோறும் நல்கை கொடுக்கிறது என்று இணையத்தில் பார்த்திருந்தேன். மாதிரிக்குப் பத்துப் பக்கம், மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு, ஆசிரியரின் ஒப்புதல் கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். உலக இலக்கியத்தில் கோட்டுச்சேரிமேட்டையும் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

நாவலின் முதல் வரி இது: 'அன்னைக்கு அப்பாவுக்கு நல்ல பாடு. கரை வர்றவரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தார்.'

பாடு என்றால் கஷ்டம். பாடுபட்டார், பெரும்பாடு பட்டார் என்கிறோம் இல்லையா? 'நல்ல அடி' என்றால் பலமான அடி. அப்படியானால் நல்ல பாடு என்றால் பலத்த கஷ்டம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'அன்று என் தந்தை கடுந்துயரம் அனுபவித்தார்' என்று ஆங்கிலத்தில் போட்டேன். தலைப்பு 'எ ஃபாதர்ஸ் சஃபரிங்'. அப்புறம் ஏன் பாடிக்கொண்டு வருகிறார்? அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எம்.ஃபில். படித்தவள் அல்லவா! 'துயரத்தைப் பாட்டால் ஆற்றிக்கொள்வது இக்கடலோர மக்களின் வழக்கம்' என்று அடிக்குறிப்பே எழுதிவிட்டேன். அண்ணன் சொன்ன சிரிப்பையும், கதையில் வருகிற கொண்டாட்டங்களையும், அழுகையைத் தாண்டிய சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கூட்டியில் கால் மணி நேரம் போனால் அவர் வீடு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழுக்குத் தமிழ் போய் அவரிடம் அர்த்தம் கேட்பதா என்ற எண்ணம்.

மறுவருஷம் ஏப்ரலில் கடிதம் வந்தது. எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு நேராகக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். அண்ணன் கையில் கிரீஸோடு எழுந்து வந்தார். மகள் காவ்யா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் மனைவி செல்லம் அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து காலிக்கூடையை இறக்கினார்.

"வாங்க டீச்சர். இன்னைக்கு நல்ல பாடுங்க" என்றார்.

"ஐயய்யோ, என்ன ஆச்சு?" என்று பதறிப்போனேன்.

செல்லம் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாடுன்னா மீன்பாடு டீச்சர். வலையில நெறைய விழுந்திருக்குன்னு சொல்றா. உங்களுக்கெங்க தெரியப்போவுது, நீங்கதான் மீனே சாப்பிட மாட்டீங்களே" என்றார் அண்ணன்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த முதல் வரியை மனசுக்குள் திரும்பப் படித்தேன். அன்றைக்கு அப்பாவுக்கு நிறைய மீன். அதனால் பாடிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். கோலா மீனை அள்ளி வந்து, ஊருக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்து, பெண்டாட்டியை நிற்கவைத்துப் பாட்டுப் பாடிய ஒரு மனுஷரின் கதை. அவரை நான் பக்கத்துக்குப் பக்கம் அழவைத்திருக்கிறேன்.

"கடுதாசியில என்ன போட்டிருக்காங்க? தமிழ்ல படிங்களேன்" என்றார் அண்ணன்.

கடிதத்தில் இருந்தது இது: சுனாமி கண்ட கரையின் ஆறாத துயரத்தை ஒவ்வொரு வரியிலும் உணர்ந்தோம். பாட்டைப் பற்றிய அடிக்குறிப்பு எங்களை உலுக்கிவிட்டது.

"உங்க கதை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம் அண்ணே. அப்பா பாடிக்கிட்டு வர்ற இடம் மனசத் தொட்டுடுச்சாம்" என்றேன்.

அண்ணன் கிரீஸ் கையைத் துடைக்க மறந்து அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா பாடு வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சிடுச்சு பாரு, செல்லம்" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

அந்த வாரம் அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தலைப்பே தவறு, இது துயரக் கதை அல்ல, மகிழ்ச்சிக் கதை, திருத்தித் தருகிறேன் என்று. நாலு வரிதான். அதை அனுப்பவில்லை. துயரத்துக்காகத்தானே தேர்ந்தெடுத்தார்கள், மகிழ்ச்சி என்றால் நல்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டால்? அண்ணன் மனசு உடையுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பதினைந்து வருஷமாக அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தை நடத்தியே காலம் தள்ளியவளை முதல்முறையாக யாரோ தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

2007இல் அதே தலைப்போடு, அதே முதல் வரியோடு புத்தகம் வந்தது. அட்டையில் முகத்தைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். அண்ணன் அட்டையை அதிகம் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"இங்கதானே அப்பா பாடிக்கிட்டு வர்றாரு?"

"ஆமாண்ணே."

"சிரிப்பு வந்திருக்கா டீச்சர்?"

"வந்திருக்குண்ணே."

அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. செல்லம் கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கண்ணாடி அலமாரியில் வைத்தார் என்றும், யாரையும் தொடவிடுவதில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். 2008 ஐப்பசியில், எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். மாலை போட்டுவிட்டு வந்தேன். இனிமேல் சொல்ல யாரும் இல்லை என்று துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷம் கழித்து, இந்த ஜூனில் முதலாண்டு ஆங்கில இலக்கிய வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசித்தேன். வை. காவ்யா. அண்ணனின் கண்கள் அப்படியே இருந்தன. வகுப்பு முடிந்ததும் மேஜையருகே வந்தாள். பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தாள். ஒன்று அப்பா எழுதியது. இன்னொன்றில் பிளாஸ்டிக் தாள் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"லீவுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன் மிஸ், அகராதி பாத்து. மொத வரியே புரியல." தமிழ் வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுல எங்க தாத்தா சிரிக்கிறாரு. அதுல ஏன் மிஸ் அழுவுறாரு?"

என்னிடம் எதற்கும் ஓர் அடிக்குறிப்பு இருக்கும். அன்றைக்கு அதைத் தேடவில்லை.

"எனக்கு அந்த வார்த்தை தெரியலம்மா. உங்கப்பாகிட்ட கேக்கவும் இல்ல. தெரிஞ்ச பிறகு சொல்லவும் இல்ல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"அப்பா தெனம் அந்த மொத வரியத் தொட்டுப் பாப்பாரு மிஸ். தாத்தா சிரிப்பு இதுக்குள்ள இருக்குன்னு சொல்லுவாரு" என்றாள்.