ஐந்து கட்டிக் கல்

தராசின் முள் வலப்பக்கம் சாய்ந்தது.

பாலிக் புலாவ் கடைத்தெருவில் மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. காஜா மொய்தீனின் சாதிக்காய்க் கடை வாசலில் தோட்டக்காரர்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். உள்ளே பாயில் சாதிபத்திரி சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில், முக்காலியின் மேல் சர்க்கார் தராசு. இடத் தட்டில் எடை ஆபீசின் பித்தளைக் கல், அந்த ஊர் எடையில் ஐந்து கட்டி. வலத் தட்டில் கடையின் இரும்புக் கல், அதுவும் ஐந்து கட்டி. முள் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"மாத்தி வையும், பாப்பம்" என்றார் தியாகராஜா. எடை ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டுச் சேறு படாமல் மலைப்பாதையைத் தாண்டி வந்திருந்தார்.

பியூன் ராமசாமி தட்டுகளைத் துடைத்து, கற்களை இடம் மாற்றி வைத்தான். இப்போது முள் இடப்பக்கம் சாய்ந்தது. இரும்புக் கல்தான் கனம். சந்தேகமே இல்லை.

சாமான் விற்கிற கடையாக இருந்தால் கவலையில்லை. கல் கனத்தால் நட்டம் கடைக்காரனுக்குத்தான். ராமசாமி கல்லின் அடியிலிருக்கும் ஈயத்தைக் கொஞ்சம் சுரண்டி, சரிபார்த்து, கிரீட முத்திரையை அடித்துக் கொடுத்துவிடுவான். மூன்று வருஷமாக டவுனில் அப்படி எத்தனையோ கற்களைச் சுரண்டியிருக்கிறான். ஆனால் இது காய் வாங்குகிற கடை. இங்கே கல் கனத்தால் நட்டம் தோட்டக்காரனுக்கு. நேரே கோர்ட்டுதான்.

"போன மாசம் வாங்கின புதுக் கல்லு, கிராணியாரே!" காஜா மொய்தீன் கல்லைத் தூக்கிக் காட்டினார். "அல்லா மேல ஆணை. கம்பெனிக் காயிதம்கூட இன்னும் உரியல, பாருங்கலா!"

"புதுசோ பழசோ, முள்ளுக்குத் தெரியாது காணும். ஒரு மாசமா இதாலதானே நிறுத்து வாங்கினீர்?"

"ஆமா."

"அப்ப எழுதத்தான் வேணும்."

வாசலில் நின்ற தோட்டக்காரி சித்தி ஹாஜரா கூடையைக் கீழே வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடைக்குத்தான் காய் கொண்டுவருகிறாள்.

"அப்ப எங்க காயிலேயே கை வச்சீங்களா, நானா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கூடையைத் திரும்பவும் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

காஜா மொய்தீன் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பித்தளைக் கல்லையே பார்த்தார்.

"உங்க கல்லு மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுக்குது, ராமசாமி. எங்க வீட்டுக்காரி மஹ்பூபாவும் இப்படித்தான் ஒரு செம்பத் தேச்சுத் தேச்சு, கடைசில அடியே கழண்டு விழுந்துச்சு."

வேறு நாளாக இருந்தால் ராமசாமிக்குப் பெருமையாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அவன் வீட்டுக் குத்துவிளக்கோடு ஆபீஸ் கற்களுக்கும் குளியல் உண்டு. புளி, செங்கல் தூள், தேங்காய் நார். இந்தப் பளபளப்பில் முகச்சவரம் பண்ணலாம் என்று ஆபீசின் வெள்ளைக்காரத் துரையே ஒருநாள் சிரித்திருக்கிறார்.

கல்லைப் பெட்டிக்குள் வைக்கப்போன கை நின்றது.

மெதுவாகக் கல்லைக் கவிழ்த்தான். அடியில் வெட்டியிருந்த எண்ணின் மேல் நகத்தை ஓட்டினான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வெட்டில் நகம் சிக்கும். இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

பெட்டியை மூடிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. சர்க்கார் வேலை, ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை, வீட்டில் நிறைமாதக்காரி. எல்லாம் அப்படியே இருக்கும்.

தியாகராஜா பேனாவைத் திறந்தார்.

"ஐயா, எழுதாதீங்க."

"என்ன?"

"நம்ம கல்லுதான் கொறைஞ்சிருக்கு."

"உமக்கென்ன விசரோ? துரை வருஷா வருஷம் மூலக் கல்லோட ஒப்பிட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடுறவர்."

"அந்த மூலக் கல்லு கண்ணாடிப் பெட்டிலதானே இருக்கு? நாளைக்கு அதோட வச்சுப் பாருங்கய்யா. நாந்தான்... வெள்ளிக்கிழமைன்னா... புளி போட்டு..."

கிராணி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"இதைச் சொன்னா உம்மட வேலை என்னாகும் தெரியுமோ?"

"தெரியுங்கய்யா."

மறுநாள் காலை, எடை ஆபீஸ். கண்ணாடிப் பெட்டியின் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. தேங்காயெண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு ராமசாமி திருகியபோது துருப்பொடி மேசையில் கொட்டியது. தியாகராஜா துருவைப் பார்த்தார். பக்கத்தில் விரிந்திருந்த பதிவேட்டைப் பார்த்தார். 'ஒப்பிடப்பட்டது, சரி' என்று மூன்று வருஷத்துக்கு மூன்று கையெழுத்துகள். பதிவேட்டை மூடிவைத்தார்.

மூலக் கல்லோடு காஜா மொய்தீனின் இரும்புக் கல்லை வைத்தார்கள். முள் நடுவில் அசையாமல் நின்றது. பித்தளைக் கல்லை வைத்தார்கள். அது மேலே எழும்பியது.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "புளி!" என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேறு ஆள் தேட அவருக்குப் பிரியமில்லை. 'பியூனின் கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்த தாளில் ராமசாமி பெருவிரல் ரேகை வைத்தான். இனிமேல் அவன் கற்களைத் தேய்க்கக் கூடாது, சுமக்கலாம். வேலை போகவில்லை.

வெள்ளிக்கிழமை மோட்டார் பஸ்ஸில் பாலிக் புலாவிலிருந்து ஒரு ஜாடி சாதிக்காய் ஊறல் வந்தது. கொண்டுவந்தவர் காஜா மொய்தீனேதான்.

"சித்தி ஹாஜரா திரும்பி வந்துட்டா, தம்பி. ரெண்டு கூடை! என்னைய ஏசிக்கிட்டேதான் எறக்கினா. ஏசட்டும்லா."

அவர் போனபின் ராமசாமி கிராணியின் மேசையருகே நின்றான்.

"ஐயா, டவுன்ல நான் ஈயம் சுரண்டின கல்லெல்லாமும் கொறைஞ்சுதானே இருக்கும்?"

தியாகராஜா தலை நிமிராமல் சொன்னார். "அடுத்த வருஷ முத்திரைக்குப் பாப்பம். இப்ப வெளியில சொல்ல வேண்டாமெண்டு துரை சொல்லிப்போட்டார்."

அன்று சாயங்காலம் மனைவியோடு பசாருக்குப் போனான். மனசு லேசாக இருந்தது. வாயில் சாதிக்காய் ஊறலின் இனிப்பு. அரிசிக் கடையில் கூட்டம். ரப்பர்த் தோட்டத்து ஆட்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், கையில் துணிப்பையோடு பெண்கள். கடைக்காரர் தட்டில் அரிசியைக் கொட்டினார். தராசு சமமாக நின்றது.

"நல்லாப் பாத்து நிறுங்கண்ணே" என்றாள் அவன் மனைவி.

"ராசா முத்திரை போட்ட கல்லும்மா! ஒம் புருசன் கையால அடிச்சதுதான். கேட்டுப் பாரு!"

அவள் சிரித்துக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தாள். இரும்புக் கல்லின் தலையில், ஒரு பிசிறும் இல்லாமல், கிரீடம் அழகாக விழுந்திருந்தது. கடைக்காரர் அரிசியை அவள் பையில் சாய்த்துவிட்டு, அதே கல்லை அடுத்த ஆளுக்காகத் தட்டில் வைத்தார்.