ஹெல்மெட் போட்ட கல்பாக்

என் கணவர் எகெம்பெர்தி தன் கல்பாக்கைத் தரையில் வைக்கமாட்டார். அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியில் மண் பட்டால் மானமே போய்விட்டதாக எங்கள் கிர்கிஸ் ஆண்களுக்கு நினைப்பு. மலைப்பாதை ஜீப் பந்தயத்திலோ ஹெல்மெட் இல்லாதவரை வண்டியெடுக்கவே விடமாட்டார்கள். மனிதர் முனகிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார். கல்பாக், பக்கத்தில் இருந்த என் மடிக்கு வந்தது.

ஆற்றில் இறங்கியதும் கூரையில்லாத ஜீப்புக்குள் சேற்றுத்தண்ணீர் வாரியடித்தது. அவர் பதறிப்போய் அக்கரையில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கல்பாக்கை அதற்குள் வைத்து என் மடியில் கவிழ்த்தார்.

“அறிவிருக்கா? தலைக்கு என்ன பண்ணுவீங்க?”

“தலையில அடிபட்டா ஆறிடும்டி. இது நம்ம கல்யாணத்துல உங்கப்பா போட்டுவிட்டது. அழுக்காக்கிட்டு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க? முதல்ல ஹெல்மெட்டைப் போடுங்க!”

“இன்னும் ரெண்டே வளைவு. சும்மா வா.”

முதல் வளைவிலேயே ஜீப் ஒரு பாறைமேல் ஏறிக் குதித்தது. வண்டி கவிழ்ந்தால் காப்பதற்காகத் தலைக்குமேல் வளைத்திருந்த இரும்புக் கம்பியில் அவர் மண்டை மோதிய சத்தம், எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

எப்படியோ மூன்றாவதாக வந்துவிட்டோம். பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெறுந்தலையோடு போவதா? கல்பாக்கை ஆசையாக எடுத்தார். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனால் உச்சந்தலையில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்ததால், அது பட்டதுமே அலறினார்.

“இப்ப எப்படிடி மேடையேறுவேன்?”

“நீங்க எதுக்கு? ஹெல்மெட் போட்டு வந்தது அதுதானே, அதையே அனுப்புங்க.”