ஏ ஒன் என்றாள்

கப்பல் பட்டறையில் எனக்குச் சுத்தியல் என்று பெயர். பழுதுபார்க்க வரும் கப்பலின் இரும்புத் தகட்டைத் தட்டிப் பார்த்து, தேறும், தேறாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கேப்டன் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். புது பெயின்ட் கண்ணில் பட்டால் முதலில் அங்கேதான் சுரண்டுவேன். உள்ளே துரு இல்லாமல் எவன் அவசர அவசரமாக பெயின்ட் அடிப்பான்?

கல்யாணமான புதிதில் என் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, “ஏ ஒன்!” என்றேன்.

“அப்படின்னா?”

“அது இங்கிலீஷ்காரன் கப்பலுக்குக் கொடுத்த மார்க்கும்மா. கப்பலை இன்ஷூர் பண்றவங்க அந்தக் காலத்துல ஒரு பதிவேடு வெச்சிருந்தாங்க. கப்பல் உடம்பு உறுதியா இருந்தா ஏ. நங்கூரம், கயிறு எல்லாம் ஒழுங்கா இருந்தா ஒண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் ஏ ஒன். அப்புறம் ஜனங்க நல்லா இருக்கிற எதுக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.”

“அடேங்கப்பா! ஒரு வாய் சோத்துக்கு எவ்வளவு பெரிய கப்பல்!”

அன்றிலிருந்து அது அவளுடைய சொல்லாகிவிட்டது. சாயங்காலம் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “எப்படி இருக்கே?” என்பேன். உள்ளேயிருந்து “ஏ ஒன்!” என்று குரல் வரும். இருபத்தாறு வருஷம் ஒரு நாளும் தப்பியதில்லை.

போன வருஷம் திடீரென்று வீட்டிலேயே பவுடர் பூசிக்கொள்ள ஆரம்பித்தாள். உதட்டுக்குச் சாயம் வேறு.

“என்ன, சினிமாவுல கூப்பிட்டுட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க. கிழவனை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டேன்.”

சிரித்தேன். மடையன்! துணிக்கூடையோடு பாதி மாடிப்படியில் அவள் நின்றதையும் பார்த்தேன். “என்னம்மா?” என்றேன். “ஏ ஒன்” என்றாள். மறுபடி பேப்பரில் தலையை நுழைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சமையலறையில் சுருண்டு விழுந்தாள். இதயம் பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“மூச்சு வாங்குதுன்னு எங்கிட்ட சொன்னா. உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அவரு நாள் முழுக்க ஓட்டை உடைசலைப் பார்த்துட்டு வர்றாரு, வீட்டுலயும் அதையே பார்க்கணுமான்னு கேட்டா.”

ஊரான் கப்பலையெல்லாம் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தவன், என் வீட்டில் வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். பவுடர் இல்லாத முகத்தை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது.

“எப்படி இருக்கே?” பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

“ஏ போயிடுச்சுங்க. ஒண்ணு மட்டும் இருக்கு.” என் விரலைப் பிடித்துக்கொண்டாள். “நங்கூரம் நல்லாத்தான் இருந்துது. அதைக் குறை சொல்லாதீங்க.”

நான் குலுங்கி அழுதேன்.

“சரி, நீங்க சொல்லுங்க. நான் எப்படி?”

முப்பது வருஷ வேலையில் ஒரு தகட்டுக்குக்கூடப் பொய் எழுதியவனில்லை நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏ ஒன்” என்றேன்.

“சுத்தியல் எடுக்காமலே பாஸா?” என்று சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.