நான்கு ஊரில் பிறந்த எவெலியோ

ஒரே பேருந்திலிருந்து நான்கு எவெலியோ ரிகார்தெஸ்கள் இறங்கியது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நால்வருக்கும் இருபத்தொன்பது வயது. நால்வருக்கும் இடது புருவத்தில் ஒரே வெட்டுத் தழும்பு. நால்வரும் செத்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹிகாரா ஊர்க்காரர்களுக்கு இறந்தவர்கள் வந்து போவது அப்போது பழகியிருந்தது. ஆனால் ஒரே ஆள் நாலாக வந்ததைப் பார்க்கக் கடைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஓட்டுநர் சத்தூர்னினோவுக்கு மட்டும் எரிச்சல். ஒரே ஊரில் ஒரே ஆளை ஏற்றிக்கொள்ள நான்கு தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருந்ததாம்.

எல்லாம் ஒப்துலியாவின் சுவரால் வந்தது. பள்ளிச் சீருடை தைத்துப் பாதிக் கண்ணைத் தொலைத்த ஒப்துலியா, தையலை நிறுத்திய கையோடு, வீட்டு முற்றத்துச் சுவரில் நீலச் சாயத்தால் தன் வம்சத்தை எழுத ஆரம்பித்திருந்தாள். பெயரை எழுதி, அதன் கீழே பிறந்த ஊரையும் எழுதினால், மறுநாள் காலைப் பேருந்தில் அந்த ஆள் அந்த ஊரிலிருந்து வந்து இறங்கினார். கொக்கோவும் சோளமாவும் கரைத்த பொசோல் ஒரு கிண்ணம் குடித்து, நாட்டு நடப்பைத் திட்டி, மாலை வண்டியில் திரும்பிப் போனார். பெரியப்பாக்கள் வந்தார்கள். பிரசவத்தில் இறந்த ஓர் அத்தை, மாதத்துக்கு ஒருமுறை வந்து அவரையில் உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒப்துலியா எல்லோரையும் உபசரித்தாள். ஆனால் அவள் சுவரில் கை வைத்ததே ஒரே ஒரு ஆளுக்காகத்தான். அவள் வயிற்றில் இருந்தபோதே மரம் வெட்டும் முகாமில் காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்த அப்பா எவெலியோ. அந்த வாயால் ஒருமுறை "மகளே" என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்த ஆசையால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் பெயர் சுவரில் நான்கு இடத்தில் வந்தது: மகனாக, தம்பியாக, கணவனாக, தகப்பனாக. ஆர்வக் கோளாறில் அவள் ஒவ்வோர் இடத்திலும் கையில் கிடைத்த ஊர்ப் பெயரை எழுதினாள். ஞானஸ்நானத் தாளில் இருந்தபடி சான் ஹெரோனிமோ தெ லாஸ் கார்சாஸ். பள்ளிச் சான்றிதழில் வெறும் கார்சாஸ், ஏனென்றால் இடையில் வந்த அரசாங்கம் ஊர்களின் பெயரிலிருந்து சான் போட்ட புனிதர்களையெல்லாம் துரத்தியிருந்தது. மூன்றாவதாக, ஊரே சொல்வதுபோலச் சேறு. மழைக்காலத்தில் அங்கே போய்வந்த யாரும் அதை வேறு பெயரால் அழைத்ததில்லை. நான்காவதாக, இன்றைய வரைபடத்தில் உள்ள கர்னல் ஓச்சோவா. எல்லாம் ஒரே ஊர்தானே என்று நினைத்தாள்.

சுவர் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு பெயரும், அந்தப் பெயருக்குத் தெரிந்த எவெலியோவை மட்டும் அனுப்பியது. சான் ஹெரோனிமோவில் பிறந்தவன் இருபத்தொன்பது வயது மீசையோடு அம்மா மடியைத் தேடி அழுதான். கார்சாஸில் பிறந்தவன் ஒப்துலியாவை "டீச்சர்" என்று கூப்பிட்டு வாய்ப்பாடு ஒப்பித்தான். சேற்றில் பிறந்தவனுக்கு மீனும் சாராயமும் சினேகிதர்களும் தெரிந்தார்கள். காசில்தா என்ற பெண் ஆற்றங்கரையில் துணி துவைப்பாள் என்பதுவரை தெரிந்தது, கட்டிக்கொண்டது தெரியவில்லை. கர்னல் ஓச்சோவாவில் பிறந்தவன் வந்ததும் வராததுமாக இங்கே செல்போன் சிக்னல் எப்படி என்று விசாரித்தான். நால்வரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். "மகளே" என்று ஒருவனும் சொல்லவில்லை. அன்று மாலை அவர்களை வண்டி ஏற்றிவிட்டு வந்து ஒப்துலியா குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆனால் அவள் துவண்டுவிடுகிற ஜாதி இல்லை. மறுநாளே சுண்ணாம்பு வாங்கிவந்து நான்கு ஊரையும் அழித்தாள். குழப்பமே வேண்டாம் என்று, வரைபடத்தில் உள்ளபடி நான்கு இடத்திலும் கர்னல் ஓச்சோவா என்று எழுதினாள். வந்தவன் ஒருவன்தான். அதுவரை சரி. அவனுக்குத் தென்மாநிலக் கால்பந்து அணிகளின் பெயரெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. வாசலில் நின்ற ஒப்துலியாவின் அம்மா காசில்தாவைப் பார்த்து, "ஏங்க, இங்க பெட்ரோல் பங்க் எங்க இருக்கு?" என்றான். எண்பத்து நான்கு வயதுக் காசில்தா கதவை அவன் மூக்குக்கு நேரே சாத்தினாள்.

"யாருடி இவன்? என் புருசன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு வந்திருக்கான்?"

"அப்பாதாம்மா. ஊர் பேர ஒரே மாதிரி எழுதிட்டேன். இதுக்கு மேல என்ன பண்றது?"

"ஒரே மாதிரி எழுதினா ஆச்சா? உங்கப்பன் பொறந்தப்ப அந்தக் கர்னலே பொறக்கலடி! பொறக்காதவன் ஊர்ல போய் எப்படிடி பொறப்பான்?"

ஒப்துலியா வாயில் வைத்த வாழைப்பழத்தைக் கடிக்காமல் அப்படியே நின்றாள். பிறகு அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். தெருவே அதிரும்படி, "சாயம் எங்கம்மா? சாயம் எங்க?" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

செய்தி பரவி முற்றம் நிறைந்துவிட்டது. கசாப்புக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு நிகனோரா கீழே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

"ஹெரோனிமோவுக்கு முன்னாடி சான் போட்டியா?"

"போட்டேன், போட்டேன், கண்ண மூடிக்கிட்டா நிக்கிற?"

அப்பா பிறந்த அன்று ஊருக்கு என்ன பெயரோ அதை முதலில் எழுதினாள். பிறகு அன்றைய வட்டம், மாநிலம், நாடு என்று சிறியதிலிருந்து பெரியதாக. ஒரு பெயரோடு நிறுத்தினால் மடி தேடி அழுகிறவன் மட்டும் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அடியில் பொடி எழுத்தில், பின்னாளில் கார்சாஸ், ஊர் வழக்கில் சேறு, இப்போது கர்னல் ஓச்சோவா என்று சேர்த்தாள். இதையே நான்கு இடத்திலும், ஒரு புள்ளிகூட மாறாமல் எழுதினாள். இறங்கி வந்தபோது முகமெல்லாம் நீலம்.

காலையில் பேருந்து அந்த ஊரில் ஒரே ஒரு முறை நின்றது. எவெலியோ ரிகார்தெஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹிகாராவில் இறங்கினான். முதலில் காசில்தாவைப் பார்த்தான்.

"என்னடி, இப்படிக் கெழவியாயிட்ட?"

"நீ நேரத்துக்கு வந்திருந்தா கொமரியா பாத்திருக்கலாம்" என்றாள் அவள்.

அவன் ஒப்துலியாவின் பக்கம் திரும்பினான். அவளுக்கு அவனைப்போல இரண்டு மடங்கு வயது. தலையில் பாதி நரை. அவளை மேலும் கீழும் பார்த்தான். அவளுக்குக் காது அடைத்துவிட்டது, உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அந்த வயித்துப் புள்ளதான? கைய வச்சா அப்படி ஒதைப்பியே மகளே!"

ஐம்பத்தெட்டு வயது ஒப்துலியா நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வெட்கமில்லாமல் அழுதார்கள். சத்தூர்னினோ ஹாரன் அடிக்காமல் வண்டியைச் சுற்று வழியாக ஓட்டிக்கொண்டு போனான்.

மாலை வண்டியில் திரும்பிப் போக வேண்டும் என்பதை எவெலியோவுக்கு யாரும் நினைவூட்டவில்லை. அவன் அங்கேயே இருந்துவிட்டான். மரக்கடையில் வேலை கிடைத்தது. குறட்டைதான் பெரிய குறட்டை என்று காசில்தா புகார் சொல்கிறாள். இப்போது ஹிகாராவில் பாதிச் சுவர்கள் நீலம், காலையில் இரண்டு பேருந்துகள் வருகின்றன. இருட்டுகிற நேரத்தில் ஒப்துலியா நிகனோராவோடு திண்பண்டம் வாங்கக் கிளம்பினால், உள்ளேயிருந்து அந்த இளைஞன் அதட்டுகிறான், தனியாக எங்கே போகிறாய், சீக்கிரம் வீடு வந்து சேர் என்று.

"தோ வந்துர்றேம்பா" என்கிறாள் அவள்.