இருநூறு குதிரைக்கு ஒரு நகரம்

அந்த நகரத்தின் அத்தனை உயிர்களுக்கும் சேர்த்து மங்கோலியர் சொன்ன விலை இருநூறு குதிரைகள். அதைச் சொல்ல வந்த தூதன் பெஹ்ரூஸ், பாரசீக மன்னர் ஷாவின் நாட்டில் பாதி வாழ்நாள் ஜவுளி விற்றவன். ஷா தேறமாட்டார் என்று தெரிந்ததும் மங்கோலியரிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டவன். நகரத்தின் ஆளுநர் குத்லுக் வேறு யாருமல்ல, அவனுடைய தங்கை மாஹினின் புருஷன். தங்கை உள்ளே இருக்கிறாள் என்பதால்தான் பெஹ்ரூஸ் இந்தத் தூதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"வாங்க மச்சான்! ஆட்டு நாத்தம் உங்க மேலயும் ஒட்டிக்கிச்சே" என்று மூக்கைப் பொத்தினார் குத்லுக். சபை சிரித்தது.

"இருநூறு குதிரையக் குடுத்துத் தொலைங்க மாப்ள. உங்க லாயத்துலயே நானூறு நிக்குது."

"அது நாங்க ஏறிப் பந்தடிச்சு விளையாடற குதிரை. அந்த ஆட்டுக்காரப் பயலுக்கு எதுக்கு? சொன்ன விலைக்கே எடுத்தா நம்மள இளிச்சவாயன்னு நினைப்பான். நூறு!"

"அவங்ககிட்ட பேரமே கிடையாது மாப்ள. ஒரு தடவைதான் கேப்பாங்க. குறைச்சுக் குடுத்தா, குடுக்கமாட்டேன்னுதான் எடுத்துக்குவாங்க."

"ஒரு ஜவுளிக்காரர் பேசற பேச்சா இது!"

திரைக்குப் பின்னாலிருந்து மாஹினும் சேர்ந்துகொண்டாள்: "அண்ணா, பாக்தாத் வியாபாரிங்களையே கதற வெச்சவரு இவரு."

"அப்ப நீயாவது என்கூட வந்துடு தாயி."

"குதிரைப்பால் குடிக்கறவங்க கூடாரத்துக்கா? போண்ணா!"

லாயத்தில் கழித்துக்கட்டிய நூறு குதிரைகளை ஓட்டிக்கொண்டு பெஹ்ரூஸ் திரும்பினான். மங்கோலியத் தளபதி மெங்குதை அவற்றைப் பார்த்தான். சில நொண்டின.

"மீதி?"

"பேசித் தீத்துக்கலாம்னாரு."

"பேச என்ன இருக்கு?" மெங்குதைக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கோபம்கூட வரவில்லை. கல்லெறியும் பொறிகளைப் பூட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

ஐந்து நாளில் மதில் விழுந்தது. ஜனங்களைச் சமவெளிக்கு ஓட்டி வந்து, மங்கோலியர் தங்கள் வழக்கப்படி பிரித்தார்கள்: கொல்லன், தச்சன், நெசவாளி ஒரு பக்கம், கைத்தொழில் தெரியாதவர்கள் மறுபக்கம், வாளுக்கு. குத்லுக்குக்குத் தெரிந்த தொழில் பந்தடிப்பது. கசங்கிய பட்டங்கியோடு மறுபக்கத்தில் நின்றார். பக்கத்தில் மாஹின்.

பெஹ்ரூஸ் தளபதியின் முன் மண்டியிட்டான்.

"தூது போனதுக்குக் கூலி. ஒருத்தரை எடுத்துக்கோ" என்றான் மெங்குதை.

பெஹ்ரூஸ் வாய் திறப்பதற்குள் வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "ஒருத்தர்னா எப்படிங்க? ரெண்டு பேரா முடிச்சுக்குவோம்! மச்சான், நீங்களும் கொஞ்சம் அழுத்திக் கேளுங்க!"

மெங்குதையின் புருவம் சுருங்கியது. இன்னொரு வார்த்தை விழுந்தால் அந்த ஒன்றும் போய்விடும். பெஹ்ரூஸ் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் குத்லுக் இன்னும் விலை பேசிக்கொண்டிருந்தார்; பிறகு பேசவில்லை.

வரவு, கூலியாக வந்த ஒரு தங்கை. செலவு, ஒரு மாப்பிள்ளை. அவரையும் ஏன் கேட்கவில்லை என்று மாஹின் அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதில்லை. அது பாக்கி.