ஆறு மரத்து விறகு

ஸ்மன்லா எங்கள் ஊருக்குக் குடிவந்த அன்று லாரியில் வந்த சாமான்களில் பாதிக்கு மேல் விறகுதான். படுக்கை இரண்டு, பாத்திர மூட்டை ஒன்று, ஓர் இரும்பு அடுப்பு. மீதி முழுக்கப் பிளந்து காயவைத்த ஆப்ரிகாட் மரம். எங்கள் க்யாங்லுங்கில் நிழலுக்குக்கூட ஒரு மரம் கிடையாது. பதினாலாயிரத்து ஐந்நூறு அடியில் எது முளைக்கும்? நாங்கள் ஆட்டுப் புழுக்கையையும் சாணியையும் எரித்துக் காலம் தள்ளுகிறவர்கள். அத்தனை விறகை ஒரே இடத்தில் பார்த்ததும் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

பக்கத்து வீட்டு மோடுப்புக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன ஆச்சோ லே, பொண்டாட்டி வீட்டுக்கு விறகையா சீரா கொண்டு வர்றது?" என்றான். ஆச்சோ என்றால் அண்ணன். 'லே' மரியாதைக்கு.

ஸ்மன்லாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலமாக இருந்தது. அவர் மனைவி யங்சன்தான் பதில் சொன்னாள்.

"சமைக்கிறதுக்கு இல்லடா மோடுப். எங்க ரெண்டு பேரையும் எரிக்கிறதுக்கு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விறகை இறக்கப் போய்விட்டார்கள்.

யங்சன் எங்கள் ஊர்ப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவள், சின்ன வயதில் என் காதைத் திருகாத நாள் இல்லை. இருபது வயதில் கீழே, சிந்து நதிக்கரை ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வெயிலும் பழமும் உள்ள ஊர். பிள்ளை இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து வெள்ளம் வந்து அவர்கள் வீட்டையும் வயலையும் ஒரே மத்தியானத்தில் வழித்துக்கொண்டு போனது. ஆறு ஆப்ரிகாட் மரம் மட்டும் மிஞ்சின. இரண்டு குளிர்காலம் தகரக் கொட்டகையில் இருந்துவிட்டு, "என் அண்ணன் வீடு மேலே பூட்டிக் கிடக்கு" என்று அவள் சொல்ல, அவர் அந்த ஆறு மரத்தையும் வெட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு அறுபத்து நாலு, அவருக்கு எழுபது.

அந்த வயதில் எங்கள் உயரத்துக்கு ஏறி வருகிறவனை என்ன சொல்வது? கீழே பழகிய உடம்பு இங்கே கேட்காது. அவருக்கு மூக்கில் ரத்தம் உலர்ந்தே இருந்தது. குதிகால் வெடித்து, வெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். ஓடையிலிருந்து அவர் வீட்டுக்கு இருநூறு அடி தூரம் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர ஒவ்வொரு கல்லிலும் உட்காருவார்.

"உங்க ஊட்டுக்காரர் எங்க ஊர்க் கல்லுக்கெல்லாம் சொந்தக்காரர் ஆயிட்டாரு ஆச்சே. ஒண்ணையும் விடாம போய் விசாரிக்கிறாரு" என்று நான் யங்சனிடம் சொல்வேன். ஆச்சே என்றால் அக்கா. அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "ஆளுங்கதான் விசாரிக்கல" என்பாள்.

அவள் சொன்னது வேறு விஷயம். எங்கள் பக்கத்தில் செத்தவரை வீட்டார் தொடக் கூடாது. தொட்டால் போகிற உயிருக்குப் போக மனம் வராது. குளிப்பாட்டுவது, உட்காரவைத்துக் கட்டுவது, தூக்குவது, எரிப்பது எல்லாம் பங்காளி வீட்டார் வேலை. பங்காளி என்றால் ரத்த உறவு வேண்டியதில்லை, குலசாமி ஒன்றாக இருந்தால் போதும். பிறக்கும்போது ஒரு சாமி, பெண்ணானால் கட்டிக்கொண்டு போனதும் புருஷன் வீட்டுச் சாமி. யங்சன் எங்கள் சாமியைவிட்டு நாற்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அவள் புருஷனின் பங்காளிகள் வெள்ளத்தோடு திக்குக்கு ஒருவராகச் சிதறிவிட்டார்கள். ஆக இரண்டு பேருக்கும் இங்கே வீடு இருந்தது, தூக்க ஆள் இல்லை. புதிதாக வருகிறவர் ஏற்கெனவே உள்ள கூட்டத்தில் ஒன்றைக் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். கேட்கிறவரைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள்.

அறுவடை முடிந்ததும் ஸ்மன்லா வெள்ளைத் துணியும் சாங் என்கிற பார்லிக் கள் ஒரு குடமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது எங்கள் கூட்டத்தில் மூன்று வீடுதான் பாக்கி. என் அண்ணன் செவாங் மூத்தவர். மோடுப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஸ்மன்லா கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

எனக்கு வாய்க்கொழுப்பு. மோடுப் காதில் சொல்வதுபோல ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். "ரெண்டு பிணம் வரும். பதிலுக்கு ஒரு தோள் வராது."

மோடுப் சிரித்தான். அண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேச என்ன இருக்கிறது. வந்த குடத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஸ்மன்லா அதை வாங்கிக்கொண்டு, "எனக்கு இன்னும் ரெண்டு தோள் இருக்கு லே" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போகும்போது எத்தனை கல்லில் உட்கார்ந்தார் என்று நாங்கள் கூரையிலிருந்து எண்ணினோம். நானும்தான் எண்ணினேன்.

மறுநாளிலிருந்து அவர் மண்கல் அறுக்க ஆரம்பித்தார். வீட்டைப் பழுது பார்க்கிறார் என்று நினைத்தோம். மலைச்சரிவில் ஓர் ஓரமாக, இடுப்பு உயரத்துக்கு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வட்டமாகச் சுவர் எழும்பிய பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. பிணம் எரிக்கிற அடுப்பு. தானே கட்டிக்கொண்டார். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் ஆடு ஓட்டவில்லை.

கார்த்திகை வாக்கில் அண்ணன் இறந்தார். காலையில் தேநீர்க் கிண்ணம் கையிலிருந்து நழுவியது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை எரிக்க வேண்டும் என்று சோதிடர் நாள் குறித்துவிட்டார். எரிக்க விறகு எங்கே? எங்கள் கூட்டத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த மரத்தை நான் அந்தக் கோடையில்தான் எடுத்து, வெளியூர் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டிய அறைக்குக் கூரை போட்டிருந்தேன். குளிருக்குள் லாரி வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. எந்த முகத்தோடு போனேனோ தெரியாது, ஸ்மன்லா வீட்டுக்குத்தான் போனேன்.

அவர் எழுந்து விறகுக் குவியலைக் காட்டி, "பாதி எடுத்துக்கங்க" என்றார். யங்சன்தான் வாசலில் குறுக்கே நின்றாள். அவள் அதற்குள் பாதியாக இளைத்திருந்தாள், இருமல் விடவில்லை.

"லுண்டுப், விறகு தர்றோம். எங்களைச் சேத்துக்கோ."

"சேத்துக்கறோம் ஆச்சே."

"எப்போ?"

"புது வருஷத்துக்கு. சாமிக்குப் பழைய தழையை எடுத்துட்டுப் புதுசு வைக்கிற அன்னிக்குத்தானே முடியும். அண்ணனுக்கு அப்புறம் நான்தான் மூத்தவன். சாமி மேல சத்தியம்."

"எத்தனை நாள் இருக்கு?"

"முப்பத்தாறு."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "சரி, அதுவரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன்" என்று சொல்லி வழிவிட்டாள்.

அண்ணன் ஆப்ரிகாட் விறகில் எரிந்தார். எங்கள் ஊர் அதுவரை முகராத வாசனை அது.

யங்சன் முப்பத்தொரு நாள் இழுத்துப் பிடித்தாள்.

விடிந்ததும் ஸ்மன்லா என் வாசலில் நின்றார். சொல்லாமலே தெரிந்தது. "அஞ்சு நாள் முந்திட்டா" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

மோடுப்பைக் கூப்பிட்டுப் பேசினேன். இன்னும் சேர்க்காத வீட்டுப் பிணத்தை நாங்கள் தொட்டால் தீட்டு எங்கள் சாமிக்கு. சாமிக்குத் தீட்டு பட்டால் புது வருஷத் தழை வைக்க முடியாது. வைக்காவிட்டால் ஆடு சாகும், ஆளுக்கு நோவு வரும். பிணத்தை வைத்துக்கொண்டு அவர்களைச் சேர்க்கவும் வழியில்லை. மற்றக் கூட்டத்தாருக்கு அவரவர் சாமி, அவரவர் பயம். எல்லாம் சரியான நியாயம். நானே அடுக்கிச் சொன்னேன்.

"மடத்துப் பெரியவர் வந்து ஓதுவாரு ஆச்சோ லே. தூக்குறதுதான்..." என்று இழுத்தேன்.

"சரி லே" என்றார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் ஊர் முழுக்கக் கூரையில் நின்றது. ஸ்மன்லா வெளியே வந்தார். சாணி சுமக்கிற கூடை முதுகில். அதற்குள் யங்சன், முழங்காலை மார்போடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி உட்காரவைத்திருந்தார். யார் கட்டியிருப்பார்கள்? அவரேதான். தொடவே கூடாத கை.

முதல் கல்லில் உட்கார்ந்தார். கூடை சாயாமல் இருக்க அதைக் கல்மேல் தாங்கி, பட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். எழுந்தார். இரண்டாவது கல். மேட்டில் ஏறும்போது நாலு காலில் ஏறினார். அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கூரைவரை கேட்டது. ஓர் இடத்தில் முகம் குப்புற விழுந்து, அப்படியே கிடந்தார். கூடை மட்டும் நிமிர்ந்து நின்றது.

"போலாமா?" என்றான் மோடுப். அவன் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

நான், "யாரும் இறங்கக் கூடாது" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. மோடுப் காலை எடுத்துக்கொண்டான். எல்லோரும் கேட்டார்கள். மூத்தவன் சொல்லிவிட்டான், அவர்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஸ்மன்லா தானே எழுந்தார். நாங்கள் ஒரு கால் மணியில் ஏறுகிற மேடு அது. அவர் போய்ச்சேர உச்சிவேளை ஆயிற்று. முந்தின இரண்டு நாளும் அவர் சிறுகச் சிறுக ஏற்றி வைத்திருந்த விறகிலிருந்து கொஞ்ச நேரத்தில் புகை எழுந்தது. என் அண்ணனுடைய அதே வாசனை. நான் கூரையிலிருந்து இறங்கி ஆட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆடுகளுக்கு முன்னால் அழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

புது வருஷத்தன்று, துக்க வீட்டுக்காரர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். புதுத் தழையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வெள்ளைத் துணி, வெண்ணெய், ஒரு குடம் சாங் எல்லாம் எடுத்துக்கொண்டு மேடேறி வந்தார். சேர்ப்பதற்கு மடத்துப் பெரியவர் சம்மதம் கொடுத்து, சாம்பிராணிப் புகை காட்டித் தீட்டுக் கழித்து அனுப்பியிருந்தார். ஐந்து நாளைக்கு முன்னால் நான் ஏன் அந்தப் பெரியவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை? தெரியாது. தெரியும், கேட்டால் வழி சொல்லியிருப்பார்.

"ஏன் ஆச்சோ லே வந்தீங்க?" என்றேன். கேட்கக் கூடாத கேள்வி.

"நானும் சாகணுமில்ல லே? அவளைத் தூக்க நான் இருந்தேன்."

குடத்தை வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்காரவைத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், சாமி சாட்சியாக.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்த உடம்பு எப்படியோ இந்த உயரத்துக்குப் பழகிவிட்டது, எழுபத்தேழு வயதில் எங்களைப்போல நடக்கிறார். இதற்குள் எங்கள் கூட்டத்தில் நாலு சாவு. என் மனைவி அதில் ஒருத்தி. நாலு பேருக்கும் முதலில் வந்து வாசலில் நின்றவர் அவர், முன்பக்கத் தோள் கொடுத்தவர் அவர். என் மனைவியைக் கட்டும்போது முடிச்சு இறுகிவிடக் கூடாதென்று துணிக்கு அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாராம், மோடுப் சொன்னான். ஒரு தடவை நான், "ஆச்சோ லே, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நல்ல வெயிலு. காத்து இல்ல. அது போதும்" என்று முடித்துவிட்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

போன கோடையில் லே நகரத்து டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தேன் மாதிரி கெட்டியாகிவிட்டது, கீழே எங்காவது போய் இருங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருஷம்தான் என்றார். என் மகன் ஜம்முவில் இருக்கிறான், கூப்பிடுகிறான். நான் போகமாட்டேன். சாமி இல்லாத ஊரில் வயதான காலத்தில் போய் இறங்குகிறவன் கதி என்னவென்று கூரையில் நின்று பார்த்தவன் நான்.

அதனால் இப்போது ஒவ்வொரு நாளும் சாமியிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். ஸ்மன்லாவை எனக்கு முன்னால் கூப்பிட்டுக்கொள். யாராவது கேட்டால் சாபம் என்பார்கள். அவரை ஒரு தடவை நான் தூக்க வேண்டும். முன்பக்கத் தோள் நான் கொடுக்க வேண்டும். பாதி விறகு எங்களுக்குத் தந்தார், மீதிப் பாதியில் இளைத்துப்போன யங்சனுக்குக் கொஞ்சம்தான் தேவைப்பட்டது, மிச்சம் ஓர் ஆளுக்கு இருக்கிறது. மற்றச் சாவுகளுக்கு லாரி விறகு வாங்கி, அதை அவருக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

நேற்று ஓடைப் பக்கத்திலிருந்து சாணி மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிப் பார்த்தேன். ஓர் ஆள் கனம்கூட இல்லை, பாதி இருக்கும். பத்து எட்டு வைத்ததும் கண் இருட்டி, அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு கிழிகிற மாதிரி மூச்சு. எந்தக் கல் என்று எனக்குத் தெரியும்.

ஸ்மன்லா எங்கிருந்தோ பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மூட்டையை என் முதுகிலிருந்து எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டு, நான் எழும்வரை பக்கத்தில் நின்றார்.

"மெதுவா லே" என்றார். "அடுத்த கல்லு பக்கத்துலதான் இருக்கு. அங்கயும் உக்காந்துக்கலாம்."